பை எண் இருநூற்றுப் பன்னிரண்டு

புதய்யா சாலைக்குத் தெற்கே, பேரீச்சந்தோப்பு முடிகிற இடத்தில்
நாலாயிரம் வருஷத்து வீடுகள் இரண்டைத் திறந்து வைத்திருக்கிறோம்.
கூரை கிடையாது. முழங்கால் உயரச் சுவர்.
என் வேலை சல்லடை.
மண் விழுந்துவிடும், எலும்பு நிற்கும்,
நின்றதைப் பல்துலக்கியால் தேய்த்து
இங்கெர் அம்மாவின் மேஜையில் வைக்க வேண்டும்.

முதல் வாரமே கைவரிசையைக் காட்டிவிட்டேன்.
அவர் புத்தகத்தைப் புரட்டுவதற்குள்
இது விளைமீன் தாடை, இது களவாய்,
இந்த வெள்ளைக் கல் மீனின் காதுக்குள் இருப்பது என்றேன்.
தூத்துக்குடியில் மீன் அறுத்த கைக்கு
செத்து நாலாயிரம் வருஷமானாலும் மீன் மீன்தான்.
அன்றிலிருந்து அவருக்கு நான் மச்சாடோ.
மற்றவர்களுக்கு இன்னும் சல்லடை.

பெரிய வீட்டில் தொடை.
ஒரு வயது தாண்டாத கிடாய்களின் தொடை, சப்பை,
கொழுப்பு ஏறின பருவத்தில் வெட்டியவை.
தலையில்லை, குளம்பில்லை.
ஆடு அந்த வீட்டுக்கு நடந்து வரவில்லை,
கறியாகத்தான் வந்திருக்கிறது.
வேறெங்கோ ஒருவன் அறுத்தான், ஒருவன் எண்ணினான், ஒருவன் சுமந்தான்.
சின்ன வீட்டில்
தாடை, கால்குளம்பு, பல் தேய்ந்த கிழ ஆடு,
சாம்பலோடு ஒட்டிய மீன் முள், முள், முள்.

இரண்டு தாள்களை அருகருகே வைத்து அவர் சொன்னார்:
அரண்மனை வேண்டாம், கல்வெட்டு வேண்டாம்,
யார் பெரியவர் என்று சொல்லக் குப்பை போதும்.

எனக்குக் குப்பையும் வேண்டியதில்லை.
சித்ராவில் எங்கள் கேம்ப் மெஸ்ஸில்
கிரேன் ஓட்டுகிறவருக்கு நெஞ்சுத் துண்டு,
வெல்டருக்கு இறக்கை,
புதிதாய் வந்தவனுக்குக் கழுத்தும் குழம்பும்.
யாரும் எழுதி ஒட்டவில்லை.
பந்திக்கு முந்தினாலும் பயனில்லை, கரண்டிக்கு ஆள் தெரியும்.

மார்ச்சில் ஒரு கழுதையின் முதுகெலும்பு வந்தது,
மூன்று கண்ணிகள் ஒன்றாய் இறுகிப்போய்.
பாரம், என்றார் அவர். பல வருஷப் பாரம்.
மண்கூடை தூக்கும் தில்பகதூர்
கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தான்.
பிறகு தட்டில் வைத்துவிட்டு
டீ வந்துவிட்டதா என்று கேட்டான்.

நேற்றுச் சின்ன வீட்டின் அடுப்படியில்
ஒரு தொடை எலும்பு.
இளங்கிடாய். பெரிய வீட்டுச் சரக்கு.
இங்கெர் அம்மாவின் புருவம் ஏறியது.
நாய் இழுத்துப் போட்டதா,
இல்லை, ஒருநாளாவது
இரண்டு வீடும் ஒரே விருந்தில் உட்கார்ந்ததா?
விருந்து என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.
பென்சில் அதை நோக்கி நகர்ந்தது.

நான் எலும்பை வாங்கித் தடவினேன்.
மேலே நீளவாக்கில் கத்திக் கோடுகள்:
கறியை வேறெங்கோ சீவியாயிற்று.
நடுவில் கல்லால் உடைத்திருக்கிறார்கள், நல்லிக்காக.
உடைந்த ஓரம் கூர்மையாக இல்லை.
சட்டிக்குள் திரும்பத் திரும்ப உரசி
மழுங்கி, கூழாங்கல்போல் வழுவழுத்து.

போன பெருநாளுக்கு மறுநாள்
ரிஃபாவில் ஒரு வில்லாவின் பின்கதவில்
டிரைவர் குலாம் ரசூல் ஒரு பை கொடுத்தார்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
ஐந்து தொடை எலும்பு, சதை ஒரு நாரும் இல்லை.
ஒன்பது பேர். செவ்வாய் வரை கொதித்தது.
கடைசி நாள் ரசத்தில்
ஆட்டின் பெயர் மட்டும் மிதந்தது.

விருந்தில்லை அம்மா, என்றேன்.
இது விருந்துக்கு அடுத்த நாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டார்.
சட்டி, தண்ணீர், மறுபடி தண்ணீர் என்று
கையால் காட்டினேன்.
பஸ்ஸைப் பற்றிச் சொல்லவில்லை.

வெகுநேரம் லென்சில் பார்த்தார். அழிப்பானை எடுத்தார்.
‘பலமுறை வேகவைத்தது’ என்று
குறிப்புக் கட்டத்தில் ஏறியது.
சொன்னவர் யார் என்பதற்கு
அந்தத் தாளில் கட்டம் கிடையாது.
பையைக் கட்டி எண் போட்டேன்.

மதியம் மெஸ்ஸிலிருந்து பொட்டலம் வந்தது.
பிரித்துப் பார்த்தேன்.
இறக்கை.
எனக்கு இது ஆறாவது வருஷம்.